மூன்று பச்சை ஒயர்கள்

அத்தியாயம் 9

அந்தக் கருவி வாயைத் திறக்கவே இல்லை.

ஜூலியன் அதன் ஒரு முனையைத் தன் லேப்டாப்பில் செருகினான். மறுமுனையில் தொங்கிய மூன்று பச்சை ஒயர்களைப் பிரஸ் மெஷினின் போர்டில் மாட்டினான். தட்டினான். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஒயர்களை இடம் மாற்றி மாட்டினான். மறுபடியும் தட்டினான். அப்போதும் அதே மௌன விரதம்தான்.

"என்னாச்சு?" என்றாள் பூர்ணிமா. புதுச்சேரியில் துப்பறியும் ஏஜென்சி வைத்துப் பிழைக்கும் ஒரே பெண் அவள்தான். உதவிக்கு இருக்கும் ஜூலியன், அதற்குமுன் மிஷன் வீதியில் செல்போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். கைவேலை சுத்தம். வாய்தான் நிற்காது.

"லேப்டாப்புக்கு இதத் தெரியுது மேடம். போர்டுக்குத்தான் தெரியல. மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒரே வீட்லதான் இருக்காங்க, பேச்சுவார்த்தை இல்ல."

"வேலையப் பாரு."

பக்கத்தில் கைகட்டி நின்ற மேனேஜர் கமலக்கண்ணன் சிரித்தார். இதமான மனிதர். வந்ததும் மோர் கொடுத்தார், மின்விசிறியை இவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

தட்டாஞ்சாவடியில் தகடு அடிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில், இதே மெஷினில்தான் பொங்கல் முடிந்த வாரம் கொளஞ்சி என்ற தொழிலாளியின் கை சிக்கியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ரத்தமெல்லாம் வடிந்து மனிதன் போய்விட்டான். கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்கக் கூடாது. அதைக் கவனித்துக்கொள்வது பக்கத்துப் பெட்டியில் இருக்கும் உள்ளங்கை அளவுப் போர்டு. அதில் ஏற்றியிருந்த புரோகிராமை யாரோ மாற்றி, கையை எடுப்பதற்கான அவகாசத்தைக் குறைத்திருந்தார்கள். அவகாசம் குறைந்தால் ஒரு நாளைக்கு நாலு தகடு கூடுதலாக விழும். அதற்குத்தான் ஓர் ஆளின் உயிர்.

போர்டில் எதையாவது எழுத வேண்டுமென்றால் லேப்டாப்புக்கும் அதற்கும் நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். கம்பெனி டெக்னீஷியன் லூர்துபிரகாஷ் தன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து வைத்திருந்தான். இப்போது ஜூலியன் கையில் இருந்த பச்சை ஒயர் கருவி அதுதான். கம்பெனியில் வேறு அடாப்டரே கிடையாது என்று கமலக்கண்ணன் போலீஸில் வாக்குமூலம் கொடுத்தார். விபத்துக்கு முந்தின நாள் மாலை லூர்துபிரகாஷ் இந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அடாப்டரும் லேப்டாப்புமாகத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த சாட்சி ஒன்றும் கிடைத்தது. அப்புறம் என்ன, பிடித்து உள்ளே வைத்தார்கள்.

"மாசக் கணக்கா போலீஸ் கவர்ல கெடந்துதுல்ல, கெட்டுப் போயிருக்கும்" என்றார் கமலக்கண்ணன். "போர்டு நல்லாத்தான் இருக்கு. சந்தேகமா இருந்தா இதப் போட்டுப் பாருங்க."

மேஜை டிராயரைத் திறந்து, கடையில் வாங்கிய சிவப்பு உறை போட்ட அடாப்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஜூலியன் அதை மாட்டினான். மாட்டிய மறுநொடி போர்டு கடகடவென்று எழுத்துகளைக் கொட்டியது.

"இது நல்லாப் பேசுது சார். எப்ப வாங்கினது?"

"அந்த ஆக்சிடென்டுக்கு அப்புறம்தான். சூடு பட்டாத்தான புத்தி வருது."

பூர்ணிமா அந்தச் சிவப்பு அடாப்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் மங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினின் பக்கவாட்டிலும், டிராயர் கைப்பிடியிலும், சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் மீதும் அதே சந்தனம், அதே குங்குமம். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது ஜூலியன் கேட்டான். "பொட்டு பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். புதுசா வாங்கினப்ப வெச்சதுன்னு சொல்லிட்டா நம்ம வாய் அடைஞ்சு போயிடும். வேற ஏதாவது வேணும்."

"எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா இருந்தாரு. வியத்நாம்லயே ஆள மோப்பம் புடிச்சவராம். அவருகிட்டேருந்து பென்ஷன் வரல, இந்த மூக்கு மட்டும்தான் வந்துது. அது சொல்லுது, அந்தாளு சரியில்ல."

"மூக்க மூடிக்கிட்டு நெல்லித்தோப்புக்கு விடு. செத்துப்போன கருவிய சூசைநாதன் ஐயா எதிர்லயே பிரிச்சுப் பாப்போம்."

நெல்லித்தோப்பு என்றதும் ஜூலியன் பேச்சை நிறுத்தினான். அந்த வீட்டுக்குப் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. லூர்துபிரகாஷின் அப்பா சூசைநாதன் அங்கே தனியாக இருந்தார். இவர்களிடம் கேஸைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

இந்த உலகத்தில் கொடுமைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்படி ஒன்றை ஜூலியன் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சாட்சியே சூசைநாதன்தான். அதே கம்பெனியில் வாட்ச்மேன். சாயங்காலச் சுற்று வந்தபோது மகன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். போலீஸ் கேட்டபோது பார்த்ததைச் சொன்னார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. தெருவில் சண்டை என்றால் நியாயம் கேட்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜாமீனில் வந்த லூர்துபிரகாஷுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் கடலில் குளிக்கப் போனவன் உயிரோடு கரைக்கு வரவில்லை. குளிக்கத்தான் போனான் என்று சூசைநாதன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்கிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள். குற்றவாளி இறந்துவிட்டான் என்று போலீஸ் கேஸை மூடி, அவன் சாமான்களை ஒட்டிய கவரோடு அப்பனிடம் திருப்பிக் கொடுத்தது. கவரின் ஒட்டைக்கூடப் பிரிக்காமல் அப்படியே பூர்ணிமாவிடம் கொண்டுவந்து வைத்தார் அவர்.

"கொளஞ்சி பொஞ்சாதி அஞ்சலாட்சி, கைப்புள்ளயோட இருக்குதும்மா. வழியில என்னப் பாத்தா அந்தப் பொண்ணு மண்ண வாரித் தூத்துது. அது பண்றது நியாயம்தான். எம்புள்ள செஞ்சிருந்தா நான் வாங்கிக்கிறேன். செய்யலன்னா, அவம் பேரு மேல விழுற மண்ண மட்டும் நீங்க தொடச்சிக் குடுங்க" என்று அன்றைக்குச் சொன்னார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மகனின் படம் இருந்தது. சூசைநாதன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "டீ போடட்டுமா தம்பி?" என்று ஜூலியனைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அடாப்டரை மேஜை மேல் வைத்து முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தான். துளைத் துளையாக இருக்கும் பலகையில் லூர்துபிரகாஷ் ஒவ்வொரு காலாக ஈயம் வைத்து ஒட்டிச் செய்த கருவி. அதன்மேல் பசைக்குச்சியை உருக்கிக் கெட்டியாக ஊற்றியிருந்தான். பலகை முழுவதும் பசைக்குள் மூழ்கியிருந்தது.

"மூணு ஒயரும் பச்சையா இருக்கே, ஏது ஐயா?"

"கிறிஸ்மஸ் ஸ்டாருக்கு வாங்கின லைட் செட்ல மிச்சம். தூக்கிப் போட மாட்டான் எதையும்."

"எது எதுன்னு அவனுக்கே எப்படித் தெரிஞ்சுது?" என்று முணுமுணுத்தான் ஜூலியன். பிறகு பூர்ணிமாவுக்கு விளக்கினான். "பேசறதுக்கு ஒரு ஒயர், கேக்கறதுக்கு ஒரு ஒயர், மூணாவது எர்த். மொதல்ல இது உசுரோட இருக்கான்னு பாப்போம்."

இரண்டு ஒயர்களின் நுனியை ஒன்றாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லேப்டாப்பில் தட்டினான். தட்டிய எழுத்து ஒவ்வொன்றும் உடனே திரையில் வந்து விழுந்தது. முறுக்கை விட்டான், நின்றுபோனது. மறுபடி முறுக்கினான், மறுபடி வந்தது.

பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. டீ டம்ளர்.

"இதான்" என்றார் சூசைநாதன். "இதேதாம்மா. அன்னிக்கு நான் பாத்தது இதேதான்."

பூர்ணிமா எழுந்தாள். "என்ன பாத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"கீழ உக்காந்துக்கினு இருந்தான். இடது கையில ஒயர இதே மாதிரி முறுக்கிப் புடிச்சிருந்தான். வலது கையால தட்டறான், தட்டத் தட்ட எழுத்து திரும்பி வருது. அதத்தான் போலீஸ்ல சொன்னேன். தட்டினான், பதில் வந்துச்சுன்னு."

"ஒயர முறுக்கிப் புடிச்சிருந்தத சொன்னீங்களா?"

"அத யாரும் கேக்கலியேம்மா."

ஜூலியன் வாயைத் திறந்தான். வழக்கமாக வந்து நிற்கும் கேலி எதுவும் வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "ஐயா, பேசற ஒயரையும் கேக்கற ஒயரையும் சேத்து முறுக்கினா, நாம சொன்னது நமக்கே திரும்பி வரும். கருவி வேலை செய்யுதான்னு பாக்க எல்லாரும் மொதல்ல செய்யறது இதுதான். ஒயரு கையில இருந்தா அது போர்டுல இல்ல. அந்த நேரத்துல அவன் மெஷின்ல எதையும் எழுதல. எழுதவும் முடியாது. தன்னோட அடாப்டர்ல என்ன கோளாறுன்னு தேடிக்கிட்டு இருந்திருக்கான்."

சூசைநாதன் மேஜைக்கு அருகில் வந்து அடாப்டரைப் பார்த்தார்.

"பதில் போர்டு சொல்லலியா?"

"இல்ல ஐயா. அவன் தட்டினதேதான் அவனுக்குத் திரும்பி வந்துது."

"டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன்னுதான் அவனும் சொன்னான். ஸ்டேஷன்ல சொன்னான், எங்கிட்டயும் சொன்னான். 'ஒங்கப்பாரே பாத்தேன்றாரே'ன்னு அவன் வாய அடைச்சாங்க." அவர் கீழே உட்கார்ந்து உடைந்த டம்ளர் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஜூலியனும் குனிந்து கூடவே பொறுக்கினான்.

பூர்ணிமா விடவில்லை. இரக்கம் இல்லாமல் இல்லை. பாதியில் விட்டால் கமலக்கண்ணனின் வக்கீல் இதை ஊதித் தள்ளிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். "டெஸ்ட் பண்ணி முடிச்சுட்டு அப்புறம் எழுதினான்னு சொல்வாங்க ஜூலியன். போர்டுகிட்ட இது ஏன் பேசலன்னு கண்டுபிடி."

ஜூலியன் மீட்டரை எடுத்தான். முறுக்காமல் மிஞ்சிய மூன்றாவது ஒயரான எர்த்தின் நுனியில் ஒரு முள்ளையும், லேப்டாப்பில் செருகும் முனையின் தகரத்தில் மற்றொன்றையும் வைத்தான். எர்த் சரியாக இருந்தால் மீட்டர் கூவ வேண்டும். கூவவில்லை. செல்போன் டார்ச்சை அடித்துப் பசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மங்கலாக உள்ளே தெரிந்தது.

"ஒரு துளை தள்ளி வெச்சுட்டான் மேடம். எர்த்ல ஒட்ட வேண்டிய ஒயர, பக்கத்துல சும்மா கெடந்த துளையில ஒட்டிட்டான். மூணும் பச்சை, குழம்பிட்டான். எர்த் இல்லாம போர்டுகிட்ட இது ஒரு எழுத்துகூடப் பேசாது, கேக்காது. முறுக்கிப் பாத்தா மட்டும் நல்லா இருக்கற மாதிரி காட்டும், அதுக்கு எர்த் வேணாம். பாவம், தலைய பிச்சுக்கிட்டு இருந்திருப்பான். மேல ஊத்தின பசைல ஒரு கீறல்கூட இல்ல. அப்படின்னா தப்பு இது பொறந்த அன்னிக்கே நடந்துது. இந்த அடாப்டர் ஒரு நாளும் எந்தப் போர்டுலயும் எழுதினது கிடையாது."

"பசை எப்ப ஊத்தினதுன்னு யாரு சொல்றது? கேஸுக்கு அப்புறம் ஊத்தினான்னா?"

"அப்புறம் எப்படிம்மா?" என்றார் சூசைநாதன் தரையிலிருந்தே. "மந்திரிக்கறதுக்கு முந்தியே ஊத்திட்டான்."

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்ல புதுச் சாமான் எது வந்தாலும் சர்ச்சு சாமியாருகிட்ட குடுத்து மந்திரிச்சுட்டுத்தான் தொடுவோம். கரன்ட்டு சாமான்னா கண்டிப்பா. முன்ன ஒருவாட்டி அவனுக்கு ஷாக் அடிச்சுது, அதுலேருந்து எனக்கு பயம். 'ஒருவாட்டி போட்டுப் பாத்துட்டு எடுத்தாறேம்பா'ன்னான். மந்திரிக்காம சொருகாதன்னு நான்தான் அடம் புடிச்சேன். தீர்த்தம் தெளிச்சா உள்ள தண்ணி எறங்கிடுமேன்னு பசைய ஊத்தி மூடினான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு, கோயில் வாசல்ல ஊரே பாக்க சாமியார் தீர்த்தம் தெளிச்சாரு. பசையப் பாத்துட்டு, 'என்னடா, மழைக்கோட்டு போட்டு கூட்டியாந்திருக்கே'ன்னு சிரிச்சாரு. திங்கக்கெழம கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனான். மெஷின் சீக்கிரம் எறங்குதுன்னு கொளஞ்சி சொல்லியிருக்கான், போர்டுல என்ன இருக்குதுன்னு படிச்சுப் பாக்கத்தான். படிக்க முடியல, நாளைக்குப் பாக்கலாம்னு வந்துட்டான். செவ்வாய்க்கெழம காலையில..."

அவர் கையிலிருந்த டம்ளர் துண்டைத் தரையில் வைத்தார்.

கணக்கு ஜூலியனின் தலைக்குள் தானாக ஓடியது. ஒருவாட்டி போட்டுப் பார்த்திருந்தால் தப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஈயத்தை உருக்கி ஒயரை மாற்ற ஒரு நிமிஷம். திங்கட்கிழமை போர்டைப் படித்திருப்பான், மெஷினை நிறுத்தியிருப்பான். கொளஞ்சி இருந்திருப்பான். லூர்துபிரகாஷும் இருந்திருப்பான். அத்தனையையும் ஒரு பிள்ளைப்பாசம் ஊற்றி மூடிவிட்டது. அவன் பூர்ணிமாவைப் பார்த்தான். அவளும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். கண்ணாலேயே வேண்டாம் என்றாள். ஜூலியன் டம்ளர் துண்டுகளைக் காகிதத்தில் கட்டினான்.

"ஐயா" என்றாள் பூர்ணிமா, "போன ஆயுத பூசைக்குக் கம்பெனியில போட்டோ எடுத்தாங்களா?"

"குரூப்ல போட்டாங்கம்மா. எங்கிட்ட இருக்குது. அதுதான் கம்பெனி உடுப்புல அவனோட கடைசி போட்டோ."

போனைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். படத்தில் வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி. சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து மேஜையில் பரப்பியிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் லூர்துபிரகாஷும் இன்னொருவனும் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்துல யாரு?"

"கொளஞ்சி. ரெண்டு பேரும் கூட்டாளிங்க."

ஜூலியன் படத்தைப் பெரிதாக்கினான். இரண்டு சிரிப்புகளையும் தாண்டி மேஜைக்கு இறக்கினான். ஸ்பேனர்கள், சுத்தியல், அளவுகோல். மேனேஜரின் லேப்டாப். அதன் மேல் சந்தனம் குங்குமத்தோடு சிவப்பு உறை போட்ட அடாப்டர்.

"ஆக்சிடென்டு பொங்கலுக்கு அப்புறம். இது அதுக்கு மூணு மாசம் முந்தின படம்" என்றான். "ஆக்சிடென்டுக்கு அப்புறம் வாங்கினேன்னு காலையில சொன்னாரு. கம்பெனியில வேற அடாப்டரே இல்லன்னு போலீஸ்ல சொன்னாரு."

"இருந்தத இல்லன்னு எதுக்குச் சொல்லணும்? அந்த மேஜைல எழுதத் தெரிஞ்ச அடாப்டர் ஒண்ணுதான். அது யாரு டிராயர்ல இருக்குன்னு பாத்துட்டோம். நாளைக்கு வக்கீலோட போய் மனு குடுக்கறோம். பசை, சாமியாரு சாட்சி, இந்தப் போட்டோ. மூடின கேஸத் திறக்க இது போதும்." பூர்ணிமா சூசைநாதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "ஐயா, ஒங்க புள்ள செய்யல. கூட்டாளிய காப்பாத்தத்தான் அங்க உக்காந்திருந்தான்."

சூசைநாதன் அழவில்லை. அழுதிருந்தால் ஜூலியனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் மகனின் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் பாத்தது நெசந்தான?"

"நெசந்தான் ஐயா. நீங்க பொய் சொல்லல."

"ஜாமீன்ல வந்தப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்த கோவமாப் பேசல தம்பி. 'நீ பாத்ததத்தானப்பா சொன்ன'ன்னான். சோறு போட்டா சாப்பிட்டான்." அவர் கையை ஊன்றி எழுந்தார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் பூர்ணிமா.

"இங்கதான், மேட்டுப்பாளையத்துக்கு. அஞ்சலாட்சி வீட்டுக்கு."

"நீங்க இருங்க ஐயா. நாங்க போய்ச் சொல்றோம். அந்தப் பொண்ணு ஒங்கள வாசல்ல நிக்க விடுமோ என்னமோ."

"நீங்க சொன்னா காசு வாங்கிக்கினு சொல்றதா நெனைக்கும். நான்தாம்மா சொல்லணும்." பொத்தானைத் துளையில் மாட்ட முடியாமல் அவர் விரல்கள் தடுமாறின. ஜூலியன் போய் மாட்டிவிட்டான். சூசைநாதன் சின்னப்பிள்ளை போல அசையாமல் நின்று மாட்டிக்கொண்டார்.

"நான் சொன்னா எல்லாரும் நம்புவாங்க தம்பி" என்றார். "அதாலதான எம்புள்ள போனான்."